எல்லாரோடும் பேசுகிறார், என்னோடு மட்டும் ஏன் பேசவில்லை?

வைகறை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவள். இதுதான் முதல் பதிவு.

கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார், நாலு வருடம் ஆகிறது. இப்போது குடும்ப விசா எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மகனுக்கு ஆறு வயது. அப்பாவை அவனுக்கு வீடியோ காலில்தான் தெரியும். இந்தப் பக்கம், பாளையங்கோட்டையில் எனக்கு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியை வேலை. கூடவே அம்மா. 68 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. நான் ஒரே பிள்ளை. போவதா, இருப்பதா?

ஏழு மாதமாக ஜெபிக்கிறேன். காலை நாலரைக்கு அலாரம், வெள்ளிக்கிழமை உபவாசம். முழங்காலில் இருந்தபடியே தூங்கிப்போய், நெற்றியில் கட்டில் சட்டம் பதிந்த கோட்டோடு பள்ளிக்கூடம் போன நாளும் உண்டு. புது வருஷ நள்ளிரவு ஆராதனையில், அந்த வருஷத்துக்கான வேத வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுத்தேன். "நான் உனக்கு முன்னே போய், கோணலானவைகளைச் செவ்வையாக்குவேன்" என்று வந்தது. சரி, போகத்தான் சொல்கிறார் என்று சந்தோஷப்பட்டு வீட்டுக்கு வந்தால், அம்மா எடுத்த அட்டையில் "தேசத்தில் குடியிருந்து சத்தியத்தை மேய்ந்துகொள்" என்று இருக்கிறது!

ஜெபக்குழுவில் எல்லாரும் "கர்த்தர் என்னோடு பேசினார்" என்று பால் பாக்கெட் விலை சொல்வதுபோல் சொல்கிறார்கள். எனக்கு ஒரு சத்தமும் இல்லை. கேட்டால் "விசுவாசம் பத்தாது சிஸ்டர், இன்னும் உங்களைத் தாழ்த்துங்க" என்கிறார்கள். இதற்கு மேல் எப்படித் தாழ்த்துவது? தரையில்தான் கிடக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எலியாவின் சால்வை

சிஸ்டர், சோர்ந்துபோகாதீங்க. தானியேல் மூன்று வாரம் உபவாசித்தார். முதல் நாளிலேயே ஜெபம் கேட்கப்பட்டது, ஆனால் பதில் கொண்டுவந்த தூதனைப் பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி 21 நாள் தடுத்து நின்றான் என்று 10-ம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்கள் பதிலும் வழியில் இருக்கிறது. 21 நாள் எடுத்துப் பாருங்க. காத்திருப்பு ஜெபம் என்றால் கேட்டுவிட்டு எழுந்துபோவது இல்லை, உட்கார்ந்தே இருப்பது. கர்த்தர் பேசாத தேவன் அல்ல.

கடுகு

ஏழு மாதம் என்றால் 210 நாள் பிரதர். அந்த அதிபதி பத்துத் தடவை தடுத்து முடித்திருப்பான்.

பழைய மணி

மகளே, நான் சி.எஸ்.ஐ. கோயிலில் உபதேசியாராக இருந்தவரின் பிள்ளை. எழுபதைத் தாண்டிவிட்டேன். உங்கள் ஜெபக்குழு சொன்ன அந்த "விசுவாசம் பத்தாது" என்பதை முதலில் தூக்கி ஓரமாக வையுங்கள். வலிப்பு வந்த பையனின் தகப்பன் இயேசுவிடம் என்ன சொன்னான்? "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான். உன் விசுவாசத்தை முதலில் சரிபண்ணிக்கொண்டு வா என்று அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை. பையன் சுகமானான். ஆபிரகாமைப் பற்றி எபிரெயர் நிருபத்தில், போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப் போனான் என்றுதான் எழுதியிருக்கிறது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தபிறகு கிளம்புகிறதற்கு விசுவாசம் எதற்கு? பஸ் டிக்கெட் போதுமே.

சாமுவேல் கதையைச் சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதில் எனக்கு ரொம்ப வருஷம் கண்ணில் படாத ஒன்று உண்டு. ஆலயத்தில் ராத்திரி படுத்திருக்கிற பிள்ளையைக் கர்த்தர் நாலு தடவை கூப்பிடுகிறார். முதல் மூன்று தடவையும் பிள்ளை கிழ ஆசாரியன் ஏலியிடம்தான் ஓடுகிறான். "சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்" என்று வேதமே சொல்கிறது. அந்தச் சத்தம் யாருடையது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? ஏலி. அவனுக்குப் பார்வை மங்கிவிட்டது, பெற்ற பிள்ளைகளை அடக்கத் தெரியவில்லை, ஊரே அந்தக் குடும்பத்தைப் பேசுகிறது. அப்படிப்பட்டவன் வாயிலிருந்துதான் "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்ற வார்த்தை வருகிறது. அந்தக் கிழவன் படுக்கையிலிருந்து சொல்லாவிட்டால், பிள்ளை விடிய விடிய இரண்டு அறைக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்திருப்பான்.

அந்த ராத்திரி பிள்ளைக்கு வந்த செய்தியோ ஏலியின் குடும்பத்துக்கு எதிரானது. மறுநாள் காலையில் ஏலி அவனிடம் "ஒன்றையும் மறைக்காதே" என்று வற்புறுத்திக் கேட்டுக்கொண்டு, "அவர் கர்த்தர், அவர் தமது பார்வைக்கு நலமானதைச் செய்வாராக" என்கிறான். தாழ்மை என்றால் எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வரும். சாமுவேலைவிட ஏலிதான்.

வைகறை

ஐயா, ஏலியை நான் வில்லன் கணக்கில்தான் வைத்திருந்தேன். யோசிக்கிறேன்.

லாரிக்காரன்

சிஸ்டர், என் கதையைச் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு லாரி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது வாங்கலாமா என்று ஆண்டவரிடம் கேட்டேன். மூன்று நாள் உபவாசம். மூன்றாம் நாள் ராத்திரி வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரலை வைத்தேன், ஆசீர்வாத வசனம் ஒன்று வந்தது. எது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாட்சி நேரத்தில் எழுந்து நின்று "கர்த்தர் பேசினார்" என்றேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். வீட்டுக்காரி மட்டும், "டீசல் விலையைப் பாருங்க, டிரைவர் யாரு, இருக்கிற தவணையே இழுக்குது" என்றாள். அவளுக்கு அவிசுவாசம் என்று நானே தீர்ப்புச் சொன்னேன்.

இரண்டு வருஷத்தில் பைனான்ஸ்காரன் இரண்டு வண்டியையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம் ஒருநாள் எரேமியா 42 வாசித்தேன். எருசலேம் விழுந்தபிறகு மிஞ்சிய ஜனங்கள் எரேமியாவிடம் வந்து, எங்களுக்காக விண்ணப்பம்பண்ணும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்கிறார்கள். கேட்க எவ்வளவு தாழ்மையாக இருக்கிறது! பத்து நாள் கழித்துப் பதில் வருகிறது: எகிப்துக்குப் போகாதேயுங்கள். உடனே "நீ பொய் சொல்லுகிறாய்" என்று எரேமியா முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். ஏன் என்று முந்தின அதிகாரத்தின் கடைசியைப் பார்த்தால் தெரியும். எகிப்துக்குப் போவதற்காகவே கிளம்பி வந்து பெத்லெகேம் பக்கத்தில் தங்கியிருக்கிறார்கள். மூட்டையைக் கட்டிவிட்டுத்தான் தீர்க்கதரிசியைத் தேடியிருக்கிறார்கள்.

நானும் அதேதான். மூன்று நாள் உபவாசம் முடித்து முழங்காலிலிருந்து எழுந்தபோது, என் சட்டைப்பையில் புரோக்கருக்குக் கொடுத்த அட்வான்ஸ் ரசீது இருந்தது. உபவாசத்துக்கு முன்னாலேயே கொடுத்தது. சத்தியமாக அது அப்போது எனக்குத் தப்பாகவே படவில்லை.

கடுகு

எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரே பெண்ணிடம் மூன்று பேர் தனித்தனியாக வந்து "கர்த்தர் உன்னை எனக்குக் காண்பித்தார்" என்றார்கள். அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டது நாலாவது ஆளை. அவன் ஒன்றும் காண்பிக்கப்பட்டதாகச் சொல்லவில்லை, அப்பா அம்மாவோடு வந்து பெண் கேட்டான்.

எலியாவின் சால்வை

கடுகு பிரதர், கேலி வேண்டாம். கள்ள நோட்டு இருக்கிறது என்பதால் நல்ல நோட்டே இல்லை என்று ஆகிவிடாது. எங்கள் அப்பா ஊரில் தனியாக இருந்தார். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது, அப்பாவுக்குப் போன் போடு என்று உள்ளே ஒரு ஏவுதல். போட்டேன், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனை எழுப்பிப் போய்ப் பார்க்கச் சொன்னேன். குளியலறையில் விழுந்து கிடந்தார். அதற்கப்புறம் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தார். இதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது?

கடுகு

மன்னிச்சிருங்க பிரதர். அதைக் கேலி பண்ணவில்லை.

மலைக்கோட்டை

நான் கத்தோலிக்கன். "ஜெபம்" என்று எழுதாமல் "செபம்" என்று எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது என்று நம்புகிறேன்.

லாரிக்கார அண்ணன் சொன்னதைக் கேட்டதும் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் நினைவுக்கு வந்தார். 1521-ல் பாம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, லொயோலாவில் படுத்த படுக்கை. பொழுதுபோகப் போர்வீரர் கதைப் புத்தகங்கள் கேட்டார். அந்த வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். படுத்துக்கொண்டே பகல் கனவு காண்பார். ஒரு சீமாட்டிக்காகச் செய்யப்போகும் வீரச்செயல்கள் ஒரு பக்கம், புனித அசிசி பிரான்சிஸ்போல வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்பது இன்னொரு பக்கம். கனவு காணும் நேரத்தில் இரண்டுமே இனித்தன. ஆனால் முதலாவது முடிந்ததும் உள்ளம் வறண்டு போகும், இரண்டாவது முடிந்த பின்னும் மகிழ்ச்சி தங்கும். வித்தியாசத்தை அவர் கவனித்தது அதில்தான். நினைக்கும்போது வரும் இனிப்பை அவர் நம்பவில்லை, நினைத்து முடித்தபிறகு நாக்கில் நிற்பதைப் பார்த்தார்.

பின்னால் அவர் எழுதிய பயிற்சிகளில் ஒரு விதி உண்டு. மனம் வறண்டு, இருண்டு கிடக்கும் நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. சகோதரி, அதிகாலை நாலரைக்குத் தூங்கி விழுந்துகொண்டே செபிக்கிறீர்கள். எலியா தீர்க்கதரிசிக்கு "அமர்ந்த மெல்லிய சத்தம்" கேட்பதற்கு முன்னால் என்ன நடந்தது தெரியுமா? சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவனைத் தூதன் தட்டி எழுப்பித் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்தான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அந்தச் சத்தம் கேட்ட ஓரேப் மலையெல்லாம் அதற்கப்புறம்தான்.

முதலில் தூங்குங்கள்.

வைகறை

இதை வாசித்துவிட்டு அழுதேன். நேற்று அலாரம் வைக்கவில்லை. ஆறு மணிக்குத்தான் எழுந்தேன்.

ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது அண்ணா. மஸ்கட் என்று நினைத்தாலும் ஒரு சந்தோஷம், கொஞ்ச நேரத்தில் அம்மா முகம். இங்கேயே இருப்பது என்று நினைத்தாலும் ஒரு நிம்மதி, கொஞ்ச நேரத்தில் மகன் முகம். முடித்தபிறகு நாக்கில் இரண்டுமே கசக்கிறது.

ஆலவட்டம்

நான் கிறிஸ்தவன் இல்லை. காஞ்சிபுரத்து வைணவன். கூடப் படித்த நண்பர் இந்த இழையை அனுப்பினார். நுழையலாமா?

நெறியாளர்

நுழையலாம். மரியாதை இருந்தால் போதும், மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மதம் மாற்றுகிற விவாதத்துக்கு வேறு பகுதி இருக்கிறது.

ஆலவட்டம்

நன்றி. உங்கள் சாமுவேல் கதை எனக்குத் தெரியாது, இப்போதுதான் வாசித்தேன். எங்களிடம் அதற்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது.

எங்கள் ஊர் வரதராஜப் பெருமாளுக்கு விசிறி வீசும் தொண்டு செய்தவர் திருக்கச்சி நம்பி. பூந்தமல்லிக்காரர், அந்தணர் அல்லாதவர். பெருமாள் அவரோடு பேசுவார் என்று நம்பிக்கை. என் பெயரே அந்த விசிறிதான். இளம்வயது ராமாநுஜருக்கு மனதில் சில சந்தேகங்கள். எவ்வளவு பெரிய படிப்பாளி! நேரே சந்நிதிக்குப் போய்க் கைகூப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நம்பியிடம் போய், என் மனதில் சில உண்டு, பெருமாளிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று வேண்டினார். அவை என்ன என்றுகூடச் சொல்லவில்லை என்பார்கள். நம்பி கேட்டார். பெருமாள் ஆறு வார்த்தை சொன்னார். நானே பரம்பொருள் என்று தொடங்கி, சரணாகதியே வழி என்றெல்லாம் போய், ஆறாவதாக வந்தது: பெரிய நம்பியை ஆசாரியராகப் பற்று.

எனக்கு இதில் ருசியான இடம் அந்த ஆறாவதுதான். பெருமாள் இவ்வளவு தூரம் இறங்கி வந்து பேசுகிறார். நானே சொல்லித்தருகிறேன் என்று சொல்லக்கூடாதா? இன்னொரு மனிதரிடம் போ என்கிறார். ராமாநுஜர் காஞ்சியிலிருந்து கிளம்புகிறார், பெரிய நம்பி இவரைத் தேடி ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்புகிறார். இருவரும் சந்தித்தது மதுராந்தகத்தில். ஏரிகாத்த ராமர் கோயிலில் மகிழ மரத்தடியில் வைத்து உபதேசம். ஸ்ரீரங்கம் போய்ச் சேரும் வரைகூடப் பொறுக்கவில்லை.

பழைய மணி

தம்பி, நன்றாகச் சொன்னீர்கள். நேற்று ராத்திரி இதை வாசித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. எழுந்து அப்போஸ்தலர் நடபடிகளைப் புரட்டினேன்.

தமஸ்கு வழியில் வானத்திலிருந்து ஒளி. ஆண்டவரே நேரே பேசுகிறார். சவுல் "நான் என்ன செய்யச் சித்தமாயிருக்கிறீர்" என்று கேட்கிறான். பதில்? "நீ எழுந்து, பட்டணத்துக்குள்ளே போ, நீ செய்யவேண்டியது அங்கே உனக்குச் சொல்லப்படும்." அவ்வளவுதான். மூன்று நாள் பார்வையில்லாமல், சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் அனனியா வந்து கை வைக்கிறான். இயேசுவின் சீஷர்களைக் கட்டி இழுத்துவரக் கிளம்பினானே, அவர்களில் ஒருவன். அவன் வாயிலிருந்து "சகோதரனாகிய சவுலே" என்று கேட்க வேண்டியிருந்தது.

அடுத்த அதிகாரத்தில் கொர்நேலியு என்ற ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி. தேவதூதன் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறான். வந்தவன் சுவிசேஷத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். சொல்லவில்லை. யோப்பாவுக்கு ஆள் அனுப்பு, தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில் பேதுரு தங்கியிருக்கிறான், வீடு கடலோரத்தில் இருக்கிறது என்று விலாசம் கொடுத்துவிட்டுப் போகிறான். அங்கே பேதுருவுக்கோ தரிசனம் மூன்று தடவை வந்தும் அர்த்தம் புரியவில்லை. வாசலில் வந்து நின்ற அந்நியர்களைப் பார்த்தபிறகுதான் புரிய ஆரம்பிக்கிறது.

மோசேயை எடுத்துக்கொள்ளுங்கள். கர்த்தரோடு முகமுகமாய்ப் பேசினவன், பூமியிலே அவனைப்போல் சாந்தகுணமுள்ளவன் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜனங்களுக்கு நியாயம் தீர்த்து ஓய்ந்துபோகிறாயே, ஆயிரம் பேருக்கு ஒருவன், நூறு பேருக்கு ஒருவன் என்று அதிகாரிகளை வைத்துக்கொள் என்று அவனுக்கு யார் சொன்னது? மாமனார். மீதியானிய ஆசாரியன். மோசே அப்படியே செய்தான். மலைமேல் போய் இதற்கொரு வெளிப்பாடு வாங்கி வருகிறேன், பொறுங்கள் மாமா என்று சொல்லவில்லை.

எலியாவின் சால்வை

ஐயா, ஒரு கேள்வி. மனுஷரிடம் கேட்டால் போதும் என்றால் ஜெபம் எதற்கு? இஸ்ரவேலைச் சபிக்கச் சொல்லிக் கூலியோடு பிலேயாமிடம் போனவர்களும் மனுஷரிடம்தானே போனார்கள்? நாலு பேரைக் கேட்டு நமக்குப் பிடித்த பதிலைச் சொல்கிறவரைப் பிடித்துக்கொள்வதும் நடக்கிறதே.

பழைய மணி

நியாயமான கேள்வி. நான் அப்படிச் சொல்லவில்லை தம்பி. நமக்குப் பிடித்த ஆளிடம் போவது வேறு. அனனியா சவுலுக்குப் பிடித்த ஆளா? உங்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வந்த ஏவுதலையே பாருங்கள். அப்பாவுக்குப் போன் போடு என்று வந்தது. நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பினீர்கள்.

எலியாவின் சால்வை

ம். அந்த அண்ணன் எங்கள் சபைகூட இல்லை ஐயா. வேலித் தகராறில் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தோம். அவர் நம்பரையே அழித்துவிட்டிருந்தேன், கடைக்காரரிடம் வாங்கித்தான் கூப்பிட்டேன். இதை எந்தச் சாட்சியிலும் நான் சொன்னதில்லை.

லாரிக்காரன்

வைகறை சிஸ்டர், ஒன்று கேட்கவேண்டும் என்று முதல் பதிவிலிருந்தே நினைக்கிறேன். என் வீட்டுக்காரியிடம் நான் கேட்காமல் விட்டதால்தான் எனக்கே இது தோன்றுகிறது. அம்மா என்ன சொல்கிறார்கள்? நீங்கள் எழுதியதில் எங்குமே இல்லையே.

கடுகு

ஆமாம். அம்மாவின் முழங்கால் வந்தது, அம்மாவின் அட்டை வந்தது. அம்மா வரவில்லை.

வைகறை

மூன்று நாளாகப் பதில் போடவில்லை, மன்னிக்கவும்.

லாரிக்கார அண்ணன் கேட்டதும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அம்மாவிடம் எப்படிக் கேட்பது? போ என்றால் மனசுக்குள் அழுதுகொண்டு சொல்வார்கள், இரு என்றால் என் வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க முடியாது. அதனால்தான் அம்மாவை விட்டுவிட்டு ஆண்டவரிடம் கேட்டேன். இதை டைப் பண்ணும்போதுதான் தெரிகிறது, ஏழு மாதமாக ஒரே வீட்டில், அடுத்த அறையில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாலரைக்கு எந்திச்சு நீ முணுமுணுக்கது எனக்கும்தாம்ட்டீ கேக்கும். எனக்கு மட்டும் தூக்கமா வருது? என்னப் பத்தித்தான் கேக்கன்னு தெரியும். எங்கிட்டக் கேக்க உனக்கு என்ன?" என்றார்கள்.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அம்மா அழவில்லை. "ஏன், எனக்கு பாஸ்போட்டு குடுக்க மாட்டாங்களா?" என்றார்கள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அம்மா கூட வருவார்கள் என்று ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை. கோயிலையும் வீட்டையும் விட்டு வரமாட்டார்கள் என்று நானே முடிவு பண்ணி, அதை வைத்துக்கொண்டுதான் போவதா இருப்பதா என்று கேட்டிருக்கிறேன். நிரந்தரமாக வரமாட்டார்களாம். வெயில் எப்படி, கக்கூஸ் எப்படி என்று ஒருமுறை வந்து பார்ப்பார்களாம். பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவார்களாம், அப்போது நான் ஒப்பாரி வைக்கக்கூடாதாம். மேல்வீட்டு டீச்சரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் ஏற்கெனவே பேசியும் வைத்திருக்கிறார்கள்! வீட்டுக்காரரிடம் சொன்னேன், பெற்றோருக்கு விசிட் விசா கிடைக்குமா என்று கம்பெனியில் விசாரிக்கிறேன் என்றார். என் வேலையை விடுவதா, சம்பளமில்லாத விடுப்புக் கேட்பதா என்பது தெரியவில்லை. தலைமையாசிரியையிடம் திங்கட்கிழமை கேட்கவேண்டும்.

ஆண்டவர் பேசினாரா என்று கேட்காதீர்கள். எனக்கு இன்னும் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மலைக்கோட்டை

நாக்கில் இப்போது என்ன ருசி?

வைகறை

தைல வாசனை அண்ணா. கையில் இன்னும் போகவில்லை.

ஐயா, ஒரு உதவி. அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஆதாரில் ஒரு தேதி இருக்கிறது, கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பார்த்தால் அதற்கு இரண்டு மாதம் முந்தியே ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். பிறக்கும் முன்னால் எப்படிக் கொடுத்தார்கள் என்று அம்மாவே சிரிக்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்கு இதை எப்படிச் சரிபண்ணுவது?

பழைய மணி

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியாக இருக்கும். எனக்கும் அப்படித்தான், நானும் சர்க்கார் கணக்கில் ஜூன் மாதத்தில் பிறந்தவன். எந்தச் சேகரம், அதாவது எந்தக் குருவானவரின் சபைப் பகுதி என்று தனிச் செய்தியில் அனுப்புங்கள் மகளே. பதிவேட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள், பள்ளிக்கூடச் சான்றிதழ் பழையது இருந்தால் அதையும் தேடுங்கள். அம்மாவை அலையவிட வேண்டாம், முழங்கால் பாவம்.